களிமண்ணில் இல்லாத சொல்

ஞாயிறு காலைப் பூசையில் பரலோக மந்திரம் சொல்லும்போது பியாட்ரிஸ் ஓர் இடத்தில் வாயை மூடிக்கொள்வாள். தமக்குத் தீமை செய்தவர்களைப் பொறுத்து மன்னிப்பது பற்றி வரும் வரி அது. சாந்தோம் கோயில் முழுக்க ஒரே குரலில் அதைச் சொல்லி முடிக்கும்வரை உதட்டை இறுக்கிக்கொண்டு பீடத்தை முறைப்பாள். அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொள்வாள். பக்கத்தில் நிற்கும் தங்கை கரோல் முழங்கையால் இடிப்பாள். இடித்து என்ன பிரயோஜனம்? முப்பது வருஷத்துக்கு மேலாக இதே கூத்துதான்.

"மனசுல இல்லாததை வாயால சொன்னா அது ஜெபம் இல்லடி, நடிப்பு" என்பாள் பியாட்ரிஸ்.

"அந்தக் கிழவர் உன்னை மறந்தே போயிருப்பாருக்கா. நீ எதுக்கு இன்னும் வயிறு எரிஞ்சுக்கிட்டு இருக்கே?"

"அதுக்குத்தான் எரியுது" என்பாள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

அந்தக் கிழவர் பேராசிரியர் அனந்தராமன். மயிலாப்பூர்க்காரர். பழைய மொழிகளின் ஆராய்ச்சியில் பெரிய பெயர். அவருடைய புகழெல்லாம் ஒரே ஒரு புத்தகத்தில் நிற்கிறது, அந்தப் புத்தகம் ஒரே ஓர் அத்தியாயத்தில் நிற்கிறது. அந்த அத்தியாயத்தை எழுதியவள் பியாட்ரிஸ். இது உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவருக்கு, இவளுக்கு, கரோலுக்கு.

பியாட்ரிஸின் அப்பா கோயில் பாடகர் குழுவில் லத்தீன் பாட்டுகளைப் பொருள் தெரிந்து பாடியவர். அவரிடமிருந்து தொற்றிய பைத்தியம் இவளுக்கு. ஒரு சொல்லைக் கேட்டால் அது எங்கே பிறந்தது, யார் வீட்டில் வளர்ந்தது என்று குடைந்துகொண்டே இருப்பாள். அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அனந்தராமனிடம் மாணவியாகச் சேர்ந்தபோது அவள் பிடித்துக்கொண்டது ஹிட்டைட் மொழி. ஞாயிறு வாசகங்களில் இத்தியர் என்று பெயர் மட்டும் வந்துபோகுமே, அவர்கள் பேசியது. இன்றைய துருக்கி இருக்கும் அனதோலிய மண்ணில் மூவாயிரத்துச் சொச்சம் வருஷங்களுக்கு முன்னால் ஈரக் களிமண்ணில் குத்திக் குத்தி எழுதி, மொழியே செத்துப்போய், மண்ணுக்குள் கிடந்த பலகைகள். "உயிரோட இருக்கிறவங்க பேசுற பாஷையே ஆயிரம் கிடக்கு, உனக்கு ஏன் செத்தது?" என்று அப்பாகூடக் கேட்டார். அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அந்த மொழியில் ஒரு வினைச்சொல் எல்லாரையும் படுத்தியெடுத்துக்கொண்டிருந்தது. 'தா' என்று ஒலிக்கும் ஒரு வேர். சமஸ்கிருதத்திலும் லத்தீனிலும் இன்னும் பல சொந்தக்கார மொழிகளிலும் அதற்குக் 'கொடு' என்று பொருள். தானம் என்கிறோமே, அந்த வேர்தான். ஆனால் ஹிட்டைட்டில் மட்டும் அதே வேருக்கு 'எடு' என்று பொருள். கொடுக்கிற கை எப்படி எடுக்கிற கையானது? பெரிய பெரிய ஆட்களெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

பியாட்ரிஸுக்கு அடுப்படியில் விடை தோன்றியது. அம்மா தம்பிக்கு ஊட்டினாள், பிறகு தானும் ஒரு வாய் ஊட்டிக்கொண்டாள். 'கொள்' என்று சேர்த்தால் போதும், வெளியே போகும் கை திரும்பித் தன்னிடமே வந்துவிடுகிறது! தனக்குத் தானே கொடுத்துக்கொள்வதுதானே எடுப்பது? அந்த மொழியிலும் முதலில் 'தனக்கென்று கொடுத்தான்' என்று சொல்லியிருப்பார்கள், பிறகு 'தனக்கென்று' உதிர்ந்து 'எடுத்தான்' மட்டும் நின்றிருக்கும் என்று அவள் ஊகித்தாள். ஊகம் போதாது, சாட்சி வேண்டும். தேடித் தேடி ஒரு பலகையைப் பிடித்தாள். இரண்டு சகோதரர்கள் சொத்துப் பிரிக்கும் சடங்கு அதில் இருந்தது. எட்டாவது வரியில் 'மூத்தவன்' என்று தொடங்கி, நடுவில் பலகை உடைந்து, கடைசியில் அந்த வினைச்சொல் நின்றது. உடைந்த இடத்தில் 'தனக்கென்று' என்ற சொல் இருந்திருக்க வேண்டும் என்று அவள் நிரப்பினாள். இடம் அளவாகப் பொருந்தியது. அன்றைக்கு அவள் லஸ் முனைவரை நடந்தே போய், தனியாக ஒரு ரோஸ்மில்க் குடித்துக் கொண்டாடினாள்.

இங்கே அந்தத் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பலகையில் கண்ணுக்குத் தெரிவதை அப்படியே எழுதலாம். உடைந்த இடத்தில் ஆராய்ச்சியாளர் தாமாக நிரப்புவதைச் சதுர அடைப்புக்குறிக்குள்தான் எழுத வேண்டும். 'இது களிமண்ணில் இல்லை, என் ஊகம்' என்று அதற்கு அர்த்தம். அந்தக் குறியை விடுவது அந்தத் தொழிலில் கள்ளச்சாட்சி சொல்வதற்குச் சமம்.

பியாட்ரிஸின் தட்டச்சுப் பொறியில் சதுர அடைப்புக்குறி கிடையாது. அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பொறிகள் பலவற்றில் கிடையாது. அடித்து முடித்த பிறகு பேனாவால் கோடு இழுத்துக்கொள்வார்கள். அத்தியாயத்தை அவள் அடித்து முடித்த அன்று அனந்தராமன் அவசரப்படுத்தினார். "நாளைக்கு டெல்லி போறேன், ரயில்ல படிச்சிண்டு போறேன், இப்பவே கொடு" என்றார். கோடு இழுக்க நேரமில்லாமல் அப்படியே கொடுத்தாள். வந்ததும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அந்த அத்தியாயம் திரும்பி வரவே இல்லை. புத்தகமாக வந்தது. அட்டையில் அனந்தராமன் பெயர். முன்னுரையின் கடைசி வரியில், தட்டச்சில் உதவிய குமாரி பியாட்ரிஸுக்கு நன்றி!

புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். அவர் வெற்றிலைப் பெட்டியிலிருந்து தலையை நிமிர்த்தக்கூட இல்லை. "நன்றி போட்டிருக்கேனேம்மா, பார்க்கலையோ? சொல்லிக் கொடுத்தவன் நான், எழுதிண்டவ நீ. இதை வெளியில சொல்லிண்டு திரிஞ்சா உனக்குத்தான் அசிங்கம்" என்றார். அவர் சொன்னபடியே அசிங்கம் இவளுக்குத்தான் வந்தது. இவளுடைய ஆய்வேட்டில் அதே அத்தியாயம் இருந்ததால், பேராசிரியரின் நூலிலிருந்து எடுத்தது என்று திருப்பி அனுப்பினார்கள். திருட்டுக் கொடுத்தவளுக்கே திருடி என்று பட்டம். படுபாவி! பியாட்ரிஸ் அன்றோடு அடையாறை விட்டாள். ராயப்பேட்டைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் தட்டிக்கழித்தாள். மாலை நேரங்களில் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் களிமண் எழுத்துகளோடு உட்கார்ந்தாள்.

புத்தகத்தைத் திறந்த அன்றே அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். எட்டாவது வரியில் 'தனக்கென்று' அடைப்புக்குறி இல்லாமல் நின்றது. மனிதர் பலகையின் படத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவள் அடித்ததை அப்படியே களிமண்ணில் இருப்பதாக நம்பி அச்சேற்றிவிட்டார். அவரை நம்பி, பலகையைப் பார்க்காமலே உலகம் அதை மேற்கோள் காட்டியது.

அப்போதே போட்டு உடைத்திருக்கலாமே என்று கேட்கலாம். கரோலும் கேட்டாள். உடைத்திருந்தால் என்ன ஆகும்? 'அச்சுப்பிழை' என்று ஒரு குறியைச் சேர்த்துவிட்டு அவர் மேலே போய்க்கொண்டே இருப்பார். அதோடு, பியாட்ரிஸுக்குத் தன் ஊகத்தின்மேல் உயிர். அது அவள் பெற்ற பிள்ளை. யார் வீட்டில் வளர்ந்தால் என்ன, நன்றாக இருக்கட்டும் என்று ஒரு மனம் சொல்லும். இன்னொரு மனம் அந்தக் கிழவரை மண்ணைக் கவ்வ வைக்கும் நாளுக்காகக் கருவிக்கொண்டே இருக்கும். இரண்டையும் சுமந்துகொண்டுதான் அவள் தலை நரைத்தது.

இப்போது பலகைகளின் படங்களெல்லாம் இணையத்தில் வந்துவிட்டன. கிடங்குகளில் கிடக்கும் சில்லுகளை எடுத்து, எது எந்தப் பலகையின் உடைசல் என்று பொருத்திப் பார்க்கிறார்கள். போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், மீன் குழம்பும் சோறும் சாப்பிட்ட கையோடு கணினியைத் திறந்த பியாட்ரிஸ் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய பலகையின் உடைந்த மூலை கிடைத்திருந்தது. எட்டாவது வரி முழுசாக இருந்தது. நடுவில் இருந்த சொல் 'தனக்கென்று' இல்லை. ஆடு.

மூத்தவன் ஆட்டை எடுத்தான். அவ்வளவுதான். பங்கு பிரித்தபோது அண்ணன்காரன் ஓர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறான். கொடுப்பதும் இல்லை, கொள்வதும் இல்லை.

"மாதாவே!" என்று கத்திய சத்தத்தில் கரோல் கரண்டியோடு மாடிக்கு ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டு அவளும் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப உன் கண்டுபிடிப்பே தப்பாக்கா?"

"தப்புதான்."

பியாட்ரிஸ் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி படத்தைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அழுகை நின்றது. "கரோல், இந்த மூலையைப் பொருத்தினவங்க சில்லைத்தான் பார்த்தாங்க, இவர் புத்தகத்தைப் புரட்டலை. புத்தகம் படிச்சவங்களுக்கு இது ஊகம்னே தெரியாது. ரெண்டையும் சேர்த்துப் பார்க்க உலகத்துல என் ஒருத்தியாலதான் முடியும்" என்றாள்.

"சேர்த்துப் பார்த்து?"

"வர்ற மாசம் அவருக்கு எண்பது வயசு விழா. மயிலாப்பூர் சபாவுல. அந்த வினைச்சொல்லைப் பத்தித்தான் பேசப் போறாராம்."

கரோல் படியிலிருந்து எழுந்துவிட்டாள். "ஐயோ, வேணாம்கா! நீ வாயைத் திறந்தா அவரு போறாரோ இல்லையோ, உன் பிள்ளை செத்துடும். நீ சும்மா இருந்தா, தப்போ சரியோ, அது பாட்டுக்கு ஊர் உலகத்துல வாழ்ந்துட்டுப் போவும்."

"அவர் பேர்ல வாழறதைவிட என் பேர்ல சாகட்டும்" என்றாள் பியாட்ரிஸ்.

"உன் பேரு எங்கேர்ந்து வரும்? அந்த ஆளு சொல்லுவாரா?"

"சொல்லுவார். அவர் வாயாலயே சொல்ல வைக்கிறேன், பாரு."

அவள் அவ்வளவு தைரியமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அனந்தராமனுக்கு ஒரு பழக்கம். தப்பு என்று ஒன்று வந்தால் அது அவர்மேல் ஒரு கணம்கூட உட்காராது, பக்கத்தில் இருக்கிற சின்ன ஆள் தலையில் இறங்கிவிடும். திரையில் ஸ்லைடு படம் தலைகீழாக விழுந்தால் அதை மாட்டிய பையன். விருந்தாளி பெயர் தப்பாக வந்தால் எழுதிக் கொடுத்த பெண். தாமதமாக வந்தால் டிரைவர். காபி ஆறியிருந்தால் ஆத்துல மாட்டுப்பொண். நல்லது எல்லாம் அவர் செய்தது, கெட்டது எல்லாம் கீழே இருக்கிறவர்கள் செய்தது. இந்த ஒரு விஷயத்தில் மனிதர் மாறவே மாட்டார் என்று பியாட்ரிஸ் பந்தயம் கட்டினாள்.

விழா அன்று ஈஸ்டருக்கு எடுத்த சாம்பல் நிறப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். சாந்தோம் ஸ்டாண்ட் தங்கவேல் ஆட்டோவில் அக்காவும் தங்கையும் போய் இறங்கினார்கள். "அர மணி நேரந்தானே டீச்சர்? நான் இங்கயே நின்னுக்கினு கீறேன்" என்றான் தங்கவேல்.

சபா நிறைந்திருந்தது. மாலை, சால்வை, பன்னீர். காமிரா வைத்து நேரலை வேறு. அனந்தராமன் மெலிந்திருந்தாலும் குரல் அப்படியே கணீரென்று இருந்தது. அவருடைய இப்போதைய மாணவி என்று மேடையில் அறிமுகமான சிம்ரா, தரமணியிலிருந்து ஆராய்ச்சிக்கு வரும் சின்னப் பெண், கணினியில் படங்களை மாற்றிக்கொண்டிருந்தாள். ஒரு படம் தாமதமானதும், "பாருங்கோ, இந்தக் காலத்துப் பொண்களுக்கு ஒரு பட்டனைத் தட்டத் தெரியலை" என்றார். சபை சிரித்தது. சிம்ரா தலையைக் குனிந்துகொண்டாள். பியாட்ரிஸ் மட்டும் தங்கையின் கையை அழுத்தினாள். மனிதர் மாறவில்லை.

பேச்சு முடிந்து கேள்வி நேரம் வந்தது. மைக் வாங்கிக்கொண்டு எழுந்தாள். அவர் அவளை நேராகப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை.

"நான் ரிட்டயர்டு டீச்சர் சார். ஒரு சின்ன சந்தேகம். அந்த எட்டாவது வரியில 'தனக்கென்று'ங்கிற வார்த்தை பலகையிலயே இருக்கா? நீங்க பார்த்திருக்கீங்களா?"

"என்னம்மா கேள்வி இது? இந்தக் கண்ணால பார்த்தேன். அதைப் பார்த்துத்தானே இத்தனையும் எழுதினேன்!"

கை தட்டினார்கள். தட்டி முடிக்கும்வரை பியாட்ரிஸ் பொறுமையாக நின்றாள். "அந்தப் பலகை படம் இப்ப இணையத்துல இருக்கு. எல்லாரும் பார்க்கலாமே. சிம்ரா, கொஞ்சம் திறக்கிறியாம்மா?" என்று பலகையின் எண்ணைச் சொன்னாள். சிம்ரா திறந்தாள். திரையில் பெரிதாகப் பலகை வந்தது. மூலை புதிதாக ஒட்டியிருந்தது.

"எட்டாவது வரி. அந்த மூலை போன வருஷம் வரைக்கும் உடைஞ்சு எங்கேயோ கிடந்துது சார். அங்க வெறும் ஓட்டைதான். இல்லாத இடத்துல நீங்க எதைப் பார்த்தீங்க? இப்ப அங்க இருக்கிறது ஆடு. சிம்ரா, நீயே படிச்சுச் சொல்லும்மா."

சிம்ரா படித்தாள். திரும்பப் படித்தாள். "ஆடுதான் சார்" என்றாள் மெல்ல.

முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அனந்தராமன் முகம் கறுத்தது. "இந்தப் பொண்ணு ஏதோ தப்பான படத்தைப் போட்டுட்டா. இதுக்குத்தான் நான்..."

"அவளை விடுங்க சார்!" பியாட்ரிஸின் குரல் உயர்ந்தது. இரண்டாயிரம் பிள்ளைகளை அடக்கிய குரல் அது. "உங்க புத்தகம் வந்தப்போ இவ பிறக்கவே இல்லை. களிமண்ல இல்லாத வார்த்தை உங்க புத்தகத்துல அடைப்புக்குறிகூட இல்லாம நிக்குது. அதைப் போட்டது யாரு? நீங்களா? நீங்கன்னா, இல்லாத சாட்சியை உண்டாக்கினதா ஆகுது. சொல்லுங்க."

அவர் நெற்றியைத் துடைத்தார். மேடையில் இருந்தவர்களைப் பார்த்தார். கண் அங்கேயும் இங்கேயும் ஓடி, தலையில் கட்ட ஓர் ஆளைத் தேடியது. கடைசியில் ஆள் கிடைத்துவிட்டது.

"அந்த வாசிப்பு என்னோடதே இல்லை. அப்ப எங்கிட்ட ஒரு ஸ்டூடண்ட் இருந்தா, பியாட்ரிஸ்னு பேரு, சாந்தோம் பொண்ணு. அவ பண்ணின தப்பு இது. அவளை நம்பினது ஒண்ணுதான் நான் பண்ணினது."

"அந்த ஒரு வார்த்தை மட்டும்தான் அவளுதா சார்?"

"வார்த்தை என்ன, அந்த அத்தியாயமே அவ எழுதிக் கொடுத்ததுதான்! யோசனையும் அவளோடது, எழுத்தும் அவளோடது. நான் அப்படியே எடுத்துப் போட்டுட்டேன். அவளைப் போய்க் கேளுங்கோ!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. காமிராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

பியாட்ரிஸ் கண்ணாடியைக் கழற்றினாள். "கேக்கட்டும் சார். நான்தான் பியாட்ரிஸ். யோசனை என்னுது, எழுத்தும் என்னுது, தப்பும் என்னுது. மூணையும் நான் ஒத்துக்கிறேன். அடைப்புக்குறி போடறதுக்குள்ள நீங்க எடுத்துக்கிட்டுப் போனது மட்டும் உங்களுது. அதை நீங்களே வெச்சுக்குங்க."

மைக்கை சிம்ராவின் கையில் கொடுத்தாள். அந்தப் பெண் அதை வாங்கும்போது எழுந்து நின்றாள். அனந்தராமன் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். தோளில் இருந்த சால்வை நழுவியது. எடுத்துப் போட யாரும் வரவில்லை. பியாட்ரிஸ் அதை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். இத்தனை வருஷம் காத்திருந்தவள், பார்க்காமல் வருவாளா என்ன?

ஆட்டோ கச்சேரி ரோட்டில் திரும்பியபோது கரோல் குதூகலத்தில் பொரிந்து தள்ளினாள். "மூஞ்சியைப் பார்த்தியாக்கா? செத்தாரு! இந்த ஞாயித்துக்கிழமை அந்த வரியைச் சொல்லிடுவே, இல்ல?"

திரும்பிப் பார்த்தால், பியாட்ரிஸ் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

தங்கவேல் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தான். "இன்னா டீச்சர், இன்னா ஆச்சு? யாராச்சும் செத்துப் பூட்டாங்களா?"

"ஆமா தங்கவேலு."

"அய்ய, யாரு? உங்களுக்கு இன்னா வேணும்?"

"பிள்ளை" என்றாள் பியாட்ரிஸ். "என் பிள்ளைன்னு இன்னிக்குத்தான் எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்டாங்க. ஒத்துக்கிட்ட கையோட போயிடுச்சு."